பார்வை தெளிவாக இருக்கும்போதே பார்க்க வேண்டிய நோய்

யாழ்ப்பாணத் தீவகத்து மக்கள் சீனி வருத்தம் என்றும் சலரோகம் என்றும் சொல்லும் நீரிழிவு, உடலில் குடிகொண்டு சில ஆண்டுகள் சென்றபின் கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையை மெல்லத் தாக்கத் தொடங்குகிறது. அது கண்ணைச் சிவக்க வைப்பதில்லை. வலியோ எரிவோ தருவதில்லை. பெரும்பாலோருக்கு நோய் வெகுதூரம் முற்றும்வரை பத்திரிகையின் சிறிய எழுத்துக்கூடத் தடையின்றித் தெரிந்துகொண்டிருக்கும். கண் தெரிகிறது என்பதையே கண் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகக் கொள்வதுதான் இந்நோயில் பலரின் பார்வையைப் பறித்த முதற் பிழை. உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த கணிப்பின்படி, நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு விழித்திரை நோய் ஏதோவொரு படியில் இருக்கிறது. பத்தில் ஒருவருக்கு அது பார்வையைப் பறிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது.

இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதையும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாமல் இருந்ததையும் வெளிப்படுத்தியது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. தீவகத்தைச் சேர்ந்த புங்குடுதீவின் கிழக்கு வாசலாக, வேலணையிலிருந்து கடலை ஊடறுத்துவரும் பாதை தீவைத் தொடும் இடத்தில் அமைந்துள்ள மடத்துவெளி போன்ற ஊர்கள் இதனால் அன்றைய கணக்குக்குள்ளேயே வரவில்லை. 1991இல் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வுக்குப் பின் இத்தீவின் மக்களில் பெரும்பகுதியினர் கொழும்புக்கும் கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் சிதறிவிட்டனர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க ஊரில் தனித்து வாழும் முதியோர் இன்று இங்கே பலர். நீரிழிவு முதுமையோடு கூடிவரும் நோய் என்பதால், கண் நோயின் சுமையும் அவர்கள்மீதே கூடுதலாக விழுகிறது.

விழித்திரை என்பது சுமார் கால் மில்லிமீற்றர் தடிப்பே உள்ள நரம்புப் படலம். கண்ணுக்குள் புகும் ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்பும் வேலை அதனுடையது. அதன் நடுவில் மாக்குலா என்னும் சிறு பகுதி இருக்கிறது. வாசிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரில் நிற்பவரின் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சிறு இடத்தைக் கொண்டே நடக்கின்றன. விழித்திரைக்குக் குருதி கொண்டுவரும் நுண்குழாய்களின் சுவரை வெளிப்புறமாகப் பற்றித் தாங்கி நிற்கும் கலங்கள், பல ஆண்டுகளாகக் குருதியில் சீனி மிகுந்திருக்கும்போது ஒவ்வொன்றாக அழிகின்றன. தாங்குவாரின்றித் தளர்ந்த சுவர், தேய்ந்த சைக்கிள் ரியூபில் எழும் புடைப்பைப் போல ஆங்காங்கே வீங்கி, அந்த வீக்கங்களிலிருந்து குருதியும் கொழுப்பு கலந்த நீரும் கசிகின்றன. சில நுண்குழாய்கள் முற்றாக அடைபட்டுப் போக, அவற்றை நம்பியிருந்த விழித்திரைப் பகுதி ஒட்சிசன் இன்றித் தவிக்கிறது. அத்தவிப்பில் அது வி.இ.ஜி.எஃப். என்னும் குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து புதிய குழாய்களை வரவழைக்கிறது. அப்படி முளைக்கும் குழாய்கள் உறுதியற்றவை. விழித்திரையின் மேற்பரப்பில் படர்ந்து, கண்ணின் உட்குழியை நிரப்பியுள்ள கண்ணாடிக் களி என்னும் கூழ்ப்பொருளைப் பற்றிக்கொண்டு வளர்பவை. அவை வெடித்தால் கண் நிறையக் குருதி கொட்டும். வடுவாகிச் சுருங்கினால் விழித்திரையையே சுவரிலிருந்து இழுத்துப் பெயர்த்துவிடும்.

இவற்றையெல்லாம் கண்டறிய மருத்துவர் செய்வது, கண்மணியை விரிக்கும் துளிமருந்தை விட்டு, அரைமணி நேரமளவில் காத்திருந்து, கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்ப்பதுதான். 1851இல் ஜேர்மனிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண் உள்நோக்கியை உருவாக்கிய நாள் முதல் அடிப்படையில் இம்முறை மாறவில்லை. செம்மஞ்சள் நிறத் தரையாகத் தோன்றும் விழித்திரையில் குண்டூசி முனையளவான செம்புள்ளிகள் முதலில் தெரியும். பின்னர் கசிந்த கொழுப்பு உறைந்த மஞ்சள் திட்டுகளும், குருதியோட்டம் நின்ற இடங்களில் பஞ்சு ஒட்டினாற்போன்ற வெளிறிய திட்டுகளும் சேரும். முற்றிய நிலையில் மெல்லிய புதுக்குழாய்கள் வலைபோலப் படர்ந்திருக்கும். செம்புள்ளிகள் தெரியத் தொடங்கும் கட்டத்தில் நோயாளிக்கு எந்தக் குறையும் தெரியாது என்பதையும், காப்பதற்கு மிக ஏற்ற காலமும் அதுவே என்பதையும் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாக்குலாவில் நீர் தேங்கினால் எழுத்துகள் மங்கும், நேர்கோடுகள் நெளியும். தும்பு பறப்பதுபோலவோ கரும்புள்ளிகள் மிதப்பதுபோலவோ திடீரெனத் தோன்றினால், அல்லது ஒரு பக்கமாகத் திரை இறங்கினாற்போல இருந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நீரிழிவுக் கண் நோயின் சிகிச்சை வரலாறு மனித முயற்சியின் பெருமையையும் அதன் விலையையும் ஒருங்கே காட்டுவது. 1921இல் இன்சுலின் கண்டறியப்படும்வரை, இளவயதில் கடும் நீரிழிவு வந்தவர்கள் கண் கெடும் அளவுக்கு நீண்டகாலம் வாழவில்லை. இன்சுலின் அவர்களுக்கு ஆயுளைத் தந்தது. அந்த ஆயுளின் இருபதாம் முப்பதாம் ஆண்டுகளில் குருட்டுத்தன்மை வந்து நின்றது. மகப்பேற்றுக்குப் பின் மூளையடிச் சுரப்பி அழிந்த நீரிழிவுப் பெண்ணொருவரின் விழித்திரை நோய் தணிந்ததை 1953இல் டென்மார்க் மருத்துவர் போல்சன் எடுத்துக்கூறியதை அடுத்து, பார்வையைக் காப்பதற்காக அந்தச் சுரப்பியையே அகற்றும் சத்திரசிகிச்சைகூடப் பல நாடுகளில் செய்யப்பட்டது. அத்தகைய கொடிய வழியிலிருந்து நோயாளிகளை மீட்டது ஒளி. விழித்திரையின் ஓரப்பகுதிகளில் லேசர் கதிரால் ஆயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணிய சூடுகளை வைத்து, ஒட்சிசனுக்குத் தவிக்கும் அப்பகுதியின் தேவையைக் குறைத்துவிட்டால், வளர்ச்சிக் காரணியின் சுரப்பு அடங்கிப் புதுக்குழாய்கள் வாடிவிடுகின்றன. முற்றிய நோயில் கடும் பார்வை இழப்பு இம்முறையால் பாதிக்கு மேல் குறைகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1976இல் நிறுவியது.

லேசர், இருக்கும் பார்வையைக் காக்கும் சிகிச்சை. போனதைத் திருப்பித் தரும் சிகிச்சை அன்று. இதை முன்கூட்டியே விளங்கிக்கொள்ளாதவர்கள், லேசர் அடித்த பிறகும் கண் தெளியவில்லையே என்று மனமுடைந்து சிகிச்சையை இடையில் விட்டுவிடுகிறார்கள். மேலும், ஓரப்பார்வையிலும் இரவுப் பார்வையிலும் ஒரு பங்கை அதற்கு விலையாகக் கொடுக்க நேரலாம் என்பதால், லேசர் செய்துகொண்டவர் இருட்டிய பின் இருமருங்கும் கடலுள்ள பாதையில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கண் ஊசி, மாக்குலா வீக்கத்தின் சிகிச்சையையே மாற்றியமைத்தது. கண்ணுக்குள் ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் பலர் அஞ்சி எழுந்துவிடுகிறார்கள். ஆனால் நடப்பது அவர்கள் அஞ்சுவது போன்றதன்று. முதலில் துளிமருந்தால் கண் மரக்கச் செய்யப்படுகிறது. அயடின் கரைசலால் இமையும் கண்ணும் தூய்மையாக்கப்படுகின்றன. இமைகள் மூடாதிருக்கச் சிறு கவ்வி பொருத்தப்படுகிறது. பின்னர் கருவிழியின் விளிம்பிலிருந்து மூன்றரை அல்லது நான்கு மில்லிமீற்றர் தள்ளி, வெள்ளை விழியின் ஊடாக மயிரிழை போன்ற ஊசியால் ஒரு மில்லிலீற்றரின் இருபதில் ஒரு பங்கு மருந்து செலுத்தப்படுகிறது. சில விநாடிகளில் அது முடிந்துவிடும். நோயாளி உணர்வது பெரும்பாலும் ஓர் அழுத்தத்தை மட்டுமே. வளர்ச்சிக் காரணியை முடக்கும் இம்மருந்துகளில் ரனிபிசுமாப், அஃபிளிபர்செப்ட் ஆகியவை விலைகூடியவை. பெருங்குடற் புற்றுநோய்க்காக ஆக்கப்பட்ட பெவசிசுமாப் என்னும் மருந்தைச் சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்தும் முறை 2005இல் தொடங்கியது. அது பலமடங்கு மலிவானது என்பதால்தான் வசதி குறைந்த நாடுகளின் ஏழை நோயாளிகளுக்கும் இச்சிகிச்சை எட்டியது. பார்வைக் குறைவு சிறிதாக இருக்கும்போது மூன்று மருந்துகளும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருகின்றன என்று 2015இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியிருக்கிறது.

இச்சிகிச்சையின் உண்மையான கடினம் ஊசியில் இல்லை. அதன் எண்ணிக்கையில் இருக்கிறது. அந்த ஆய்வில் முதல் ஆண்டில் மட்டும் நோயாளிகளுக்கு ஒன்பது பத்து ஊசிகள் தேவைப்பட்டன. குறிகட்டுவான் துறைக்குப் படகில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி, மடத்துவெளியையும் வேலணையையும் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நெடுந்தீவு முதியவர் ஒருவருக்கு ஒன்பது ஊசி என்பது ஒன்பது முழுநாட்கள். கூடவரும் உறவினருக்கும் ஒன்பது நாட் கூலி இழப்பு. கடல் கொந்தளித்தால் ஒரு தவணை தவறும். கண்மணி விரிந்த கண்ணுக்கு வெயில் கூசும், எழுத்து மங்கும், அது தெளியப் பல மணி நேரம் செல்லும். ஆகவே கறுப்புக் கண்ணாடியும் குடையும் துணைக்கு ஓர் ஆளும் இன்றி அந்தப் பயணத்தைச் செய்யக் கூடாது. தவணையைத் தவறவிட்டவரை அசட்டையானவர் என்று கடிந்துகொள்ளும் முன் இந்தத் தூரத்தையும் கணக்கில் எடுப்பதே நியாயம்.

குருதி கொட்டிக் கலங்கிய கண்ணாடிக் களியை அகற்றும் சத்திரசிகிச்சையை ரொபேர்ட் மச்செமர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். பெயர்ந்த விழித்திரையை ஒட்டவைக்கச் சிலவேளை கண்ணுக்குள் வாயுக்குமிழ் விடப்படும். அது முற்றாகக் கரையும்வரை விமானத்தில் ஏறவே கூடாது, ஏனெனில் உயரத்தில் அக்குமிழ் விரிந்து கண்ணின் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும். சிகிச்சைக்காகக் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ வந்துவிட்டு அவசரமாகத் திரும்பும் புலம்பெயர்ந்தோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்தனை சிகிச்சைகளும் கண்ணில் நடப்பவை. நோயின் வேரோ குருதியில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 1993இல் முடிவு வெளியான ஆய்வில், இன்சுலினை நம்பி வாழும் முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் சீனியைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியபோது, விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. நடுவயதில் வரும் இரண்டாம் வகை பற்றி 1998இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு, பிறசர் எனப்படும் குருதி அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் கண்ணைக் காப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று காட்டியது. சீனியைக் குறைத்தும் பிறசர் குளிசையை விட்டுவிடுபவர் பாதி வேலையையே செய்கிறார். வெள்ளைச் சீனியை நிறுத்திவிட்டுப் பனங்கட்டியோடு தேநீர் குடித்தால் தீங்கில்லை என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிச்சத்தே என்பதால் குருதி அதனை அவ்வளவாக வேறுபடுத்துவதில்லை. குரக்கன் புட்டு நல்லதுதான், ஆனால் இரண்டு நீத்துப்பெட்டி அளவு உண்டால் அதன் நன்மை அங்கேயே தீர்ந்துவிடும்.

அன்றாட வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய சில, மருந்துச் சீட்டில் எழுதப்படுவதில்லை. சீனி ஏறி இறங்கும்போது கண்வில்லையின் ஒளிமுறிப்பும் மாறுவதால், சீனி சில வாரங்கள் நிலைபெறும் முன் புதுக் கண்ணாடி செய்வது வீண் செலவாகும். கண்புரை வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் முதலில் விழித்திரையைச் சோதிப்பித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் புரைக்குப் பின்னால் விழித்திரை கெட்டிருந்தால் அதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டியிருக்கும். நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் கண் நோய் விரைவாக முற்றக்கூடும். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கண் சோதனை அவசியம். பார்வை குறைந்தவர் இன்சுலின் சிறிஞ்சின் கோடுகளைத் தவறாக வாசிக்கலாம், பாதத்தில் குத்திய முள்ளைக் காணாமலே விடலாம். இவ்விரண்டையும் நாள்தோறும் வேறொருவர் பார்த்துக்கொடுப்பது நல்லது. இலைச்சாறு, தேன் போன்றவற்றைக் கண்ணில் விடுவது இந்நோய்க்கு எவ்வகையிலும் உதவாது, புண்ணையே உண்டாக்கலாம்.

இங்கிலாந்தில் 2003இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, நீரிழிவுள்ள, 12 வயது நிறைந்த ஒவ்வொருவரும் விழித்திரைப் படம் எடுக்க அழைக்கப்படுகின்றனர். அழைப்புக் கடிதம் வீட்டுக்கே வருகிறது. உழைக்கும் வயதினரின் குருட்டுத்தன்மைக்கு ஐம்பது ஆண்டுகளாக முதற் காரணமாக இருந்த நீரிழிவுக் கண் நோய், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த இடத்தை இழந்துவிட்டதாக 2014இல் அறிவிக்கப்பட்டது. லண்டனில் வாழும் புங்குடுதீவு மகனுக்குக் கடிதம் வருகிறது. மடத்துவெளியில் இருக்கும் அவருடைய தாய்க்கு, யாரேனும் நினைவூட்டினால்தான் கண் சோதனை. இருவருக்கும் உள்ள நோய் ஒன்றே. சென்னை சங்கர நேத்ராலயா 2003 முதல் கருவிகள் பொருத்திய பஸ்ஸைக் கிராமங்களுக்கு அனுப்பி, அங்கே எடுக்கும் கண் படங்களை நகரத்திலுள்ள மருத்துவர் பார்க்கும் முறையை நடத்தி வந்திருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சங்கர நேத்ராலயாவும் பங்குகொண்டு 2016இல் வெளிவந்த கூகிள் நிறுவன ஆய்வு, அத்தகைய படங்களைக் கணினியே வாசித்து நோயைத் தேர்ந்த மருத்துவருக்கு நிகராக இனங்காண முடியும் என்று காட்டியது. விழித்திரையைப் படம்பிடிக்கும் கமரா இன்று கைப்பெட்டிக்குள் அடங்கும். படம் தொலைபேசி வழியே யாழ்ப்பாணத்துக்குப் போகும். நோய் உள்ளவர் மட்டும் பயணம் செய்தால் போதும்.

ஊரின் கோயில்களையும் பாடசாலைகளையும் வீதிகளையும் வெளிநாட்டிலிருந்து அன்போடு கட்டியெழுப்பும் ஊர் ஒன்றியங்கள், சுகாதாரத் திணைக்களத்தோடு பேசி, தீவக வைத்தியசாலையொன்றுக்கு அத்தகைய கமரா ஒன்றையும் அதனை இயக்கப் பயின்ற ஒருவரையும் பெற்றுத்தர முன்வர வேண்டும். அதுவரை, ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் பிள்ளைகள் அம்மாவிடமும் அப்பாவிடமும் சீனி எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், துளிமருந்து விட்டுக் கண்ணைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்றும் கேளுங்கள். ஓர் ஆண்டு கடந்திருந்தால், யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிச்செல்ல ஓர் ஆளையும் ஒரு நாளையும் அந்த அழைப்பிலேயே ஒழுங்குசெய்யுங்கள்.