கம்பியின்றி மோட்டரின் திசை மாற்றுதல்

திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பலறையிலிருந்து சுமை தூக்கும் நேரோட்ட மோட்டர் ஒன்றை எட்ட நின்று இயக்குவதாகக் கொள்வோம். மின்னோட்டத்தின் திசை மாறினால் மோட்டரின் சுழற்சியும் மாறும். இதற்கு நான்கு திரான்சிற்றர்கள் ஆளிகளாக அமைந்த பாலச் சுற்று உதவுகின்றது. மூலைவிட்டமாக அமைந்த ஒரு சோடியை மூடினால் சுமை எழும். மறு சோடியை மூடினால் இறங்கும். ஒரு பக்கத்து இரண்டும் சேர்ந்து மூடினாற் குறுஞ்சுற்று நேரும். எனவே, வானொலிக் கட்டளையைப் பெறும் நுண்கட்டுப்படுத்தி, முதற் சோடியைத் திறந்து சிறிது தாமதித்தே மறு சோடியை மூடுதல் வேண்டும்.

கட்டளை கம்பியின்றிச் செல்லும் என்பதை, 1898இல் நியூயோர்க்கிற் படகொன்றைச் செலுத்தி நிக்கோலா தெசுலா காட்டினார். கட்டளை இடையில் அறுந்தால் என்னாகும் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. கப்பலின் இரும்புச் சுவர் அலையை மறைக்கலாம். இறுதிக் கட்டளையையே மோட்டர் தொடருமாயின், கீழே நிற்கும் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்தாகும். ஆகவே, குறித்த நேரத்துள் புதிய கட்டளை வாராவிடின் மோட்டர் நிற்றலும், மின்சாரமின்றி வில்விசையாற் பிடிக்கும் தடுப்பு சுமையைத் தாங்கலும் இன்றியமையாதன.