முன்னழுத்தக் காற்றுத் துப்பாக்கி

முன்னழுத்தக் காற்றுத் துப்பாக்கி என்பது, உயர் அழுத்தத்தில் முன்கூட்டியே நிரப்பி வைக்கப்பட்ட காற்றில் ஒரு சிறு பகுதியை ஒவ்வொரு முறை சுடும்போதும் வெளியிட்டு, அதன் விசையால் ஈயக் குண்டைச் செலுத்தும் துப்பாக்கி வகையாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது பி.சி.பி. எனவும் அழைக்கப்படுகிறது. சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கிகளில் வில் விரியும்போது உலக்கை முன்னோக்கிப் பாய்வதால் துப்பாக்கி அதிரும். இவ்வகையில் அத்தகைய பெரிய அசைவு இல்லாததால் குறி பிசகுவது குறைவு.

வரலாறு

காற்றை முன்னரே நிரப்பிச் சுடும் முறை புதியதன்று. பார்த்தலோமியோ ஜிரார்டோனி என்பவர் ஏறத்தாழ 1779 ஆம் ஆண்டில் வடிவமைத்த துப்பாக்கியை ஆஸ்திரியப் படையினர் பயன்படுத்தினர். அதன் பின்கட்டையே காற்றுக்கலனாக அமைந்திருந்தது. அக்கலனை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1500 முறை அடிக்க வேண்டியிருந்தது. நீர்மூழ்கு வீரர்கள் பயன்படுத்தும் காற்று உருளைகளிலிருந்து நிரப்பத்தக்க நவீன துப்பாக்கிகள் 1980களில் பிரித்தானியாவில் பரவத் தொடங்கின.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் இப்போட்டியில் வென்ற அபினவ் பிந்த்ரா, ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியரானார்.

இயங்குமுறை

இத்துப்பாக்கியின் முதன்மை உறுப்புகள் காற்றுக்கலன், வால்வு, சுத்தி, சுத்தியின் சுருள்வில், குழல் ஆகியவையாகும். விசையை அழுத்தியதும் சுத்தி விடுபட்டு வால்வின் தண்டைத் தாக்குகிறது. வால்வு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு மட்டுமே திறந்து மூடுகிறது. அவ்வேளையில் வெளிவரும் காற்று குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது.

கலன்கள் பொதுவாக 200 முதல் 300 பார் வரையான அழுத்தத்தில் நிரப்பப்படுகின்றன. 200 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள கலனில் 200 பார் அழுத்தத்தில் அடங்கும் காற்று, வெளியே விடப்பட்டால் ஏறத்தாழ 40 லிட்டர் இடத்தை நிரப்பும்.

சீரமைத்தல்

சீரமைத்தல் என்பது வேகத்தைக் கூட்டுவது எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அதன் முதன்மை நோக்கம், ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் செல்லுமாறு செய்வதாகும். நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டிய குண்டு 10 மீட்டர் வேகம் குறைந்து சென்றால், 50 மீட்டர் தொலைவில் அது சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்ந்து படும்.

அழுத்தச் சீராக்கி இல்லாத துப்பாக்கியில், கலன் முழுமையாக நிரம்பியிருக்கும்போது காற்றழுத்தம் வால்வை இறுக்கி மூடிப் பிடிக்கிறது. அதனால் வால்வு குறுகிய நேரமே திறந்து, குண்டின் வேகம் குறைகிறது. அழுத்தம் இறங்கும்போது வால்வு எளிதில் திறப்பதால் வேகம் ஏறி, ஓர் இடைப்பகுதியில் ஏறத்தாழ நிலையாக நிற்கிறது. அதன் பின்னர் காற்றுப் போதாமல் வேகம் வீழ்கிறது. எனவே அளவுக்கு மீறி நிரப்புவது வேகத்தைக் கூட்டாது, குறைக்கவும் கூடும்.

சீராக்கி உள்ள துப்பாக்கியில் வால்வுக்குச் செல்லும் காற்றின் அழுத்தம் மாறாமல் வைக்கப்படுகிறது. இதில் சுத்தியின் வில்லைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு நிலையிலும் வேகமானியால் வேகத்தை அளப்பர். ஒரு கட்டத்திற்குமேல் இறுக்கினாலும் வேகம் கூடாது. காற்று மட்டுமே வீணாகும். அவ்வுச்சத்தைவிடச் சற்றுக் குறைந்த நிலையில் நிறுத்துவதே வழக்கமாகும். ஒரே நேரத்தில் ஓர் உறுப்பை மட்டும் மாற்ற வேண்டும். இல்லாவிடின் எந்த மாற்றத்தால் எந்த விளைவு ஏற்பட்டது என அறிய இயலாது.

சட்டக் கட்டுப்பாடுகள்

பிரித்தானியாவில் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல் ஆற்றலைத் தாண்டும் காற்றுத் துப்பாக்கிகளுக்குச் சுடுகலன் சான்றிதழ் தேவை. ஜெர்மனியில் உரிமமின்றி வைத்திருப்பதற்கான எல்லை 7.5 ஜூல் ஆகும். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் ஆற்றலையோ 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டத்தையோ மீறினால் உரிமம் பெற வேண்டும்.

சீரமைப்பவர் அறியாமலேயே இவ்வெல்லையைக் கடந்துவிட இடமுண்டு. இவ்வகைத் துப்பாக்கிகளில் பொதுவாக எடை கூடிய குண்டு, மெதுவாகச் சென்றாலும், அதிக ஆற்றலைப் பெறுகிறது. இலேசான குண்டைக் கொண்டு எல்லைக்குச் சற்றுக் கீழே அமைத்த துப்பாக்கி, கனமான குண்டை இட்டதும் எல்லையை மீறக்கூடும். சீராக்கி இல்லாததாயின், முழுக் கலனில் முதலில் சுட்ட குண்டை மட்டும் அளப்பதும் தவறான முடிவைத் தரும். மிகுந்த வேகம் இடைப்பகுதியிலேயே கிடைக்கிறது. ஆகவே வெவ்வேறு எடையுள்ள குண்டுகளைக் கொண்டு, கலனின் முழு அழுத்த வரம்பிலும் அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

காற்று நிரப்புதலும் பாதுகாப்பும்

காற்றுக்கலனைக் கைப்பம்பு, காற்றுருளை, மின் அழுத்தி ஆகியவற்றில் ஒன்றால் நிரப்பலாம். விரைவாக நிரப்பினால் காற்றும் கலனும் சூடேறும்; குளிர்ந்தபின் அழுத்தமானி காட்டும் அளவு இறங்கும். காற்றிலுள்ள ஈரம் கலனின் உட்புறத்தை அரிப்பதால் வடிகட்டி பயன்படுத்துவது நன்று.

ஒருபோதும் ஆக்சிசனை நிரப்பலாகாது. உயர் அழுத்த ஆக்சிசன் எண்ணெய்ப் பசையுடன் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். காற்று செல்லும் பாதையில் பெட்ரோலிய எண்ணெய்களையும் இடலாகாது. ரப்பர் வளையங்களுக்குச் சிலிக்கோன் மசகு ஏற்றது. கலனில் அழுத்தம் இருக்கும்போது உறுப்புகளைக் கழற்றினால், அவை பெருவிசையுடன் தெறித்து உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் போட்டிகளில் பயன்படும் கலன்கள் உற்பத்தி செய்யப்பட்டு 10 ஆண்டுகளுக்குமேல் ஆகியிருக்கக்கூடாது. கலனில் பொறிக்கப்பட்டுள்ள நாளைக் கவனிப்பது சுடுபவரின் பொறுப்பாகும்.