சனிக்கிழமை அண்ணன்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நிற்கிறான். நத்தம் பஸ்ஸின் ஏர் ஹாரன், டீக்கடைப் பாட்டு, வெள்ளரிப்பிஞ்சு விற்பவரின் குரல், கண்டக்டரின் விசில் என்று நம் காதில் பட்டும் படாமலும் போகிற சத்தமெல்லாம் அவன் தலையில் மொத்தமாக வந்து விழுகிறது. அலறுகிறான். ‘பிள்ளைய வளக்குற லட்சணமா இது’ என்று பின்னால் யாரோ முணுமுணுக்கிறார்கள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மதுரை வண்டி வந்தால் போதும் அவருக்கு. திண்டுக்கல்லில் மட்டுமல்ல, எந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலும் இதைப் பார்த்திருப்போம். பார்த்துவிட்டு நகர்ந்தும் இருப்போம்.

அந்தப் பையனுக்கு இருப்பது ஆட்டிசம். அதற்கு நம் அரசு ஆவணங்களில் வழங்கும் பெயர், ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’. இந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே புகுந்துவிடுவதுதான் அந்தப் பையனின் துன்பம். அவனைப் பார்த்துப் ‘புற உலகச் சிந்தனையற்றவன்’ என்பது எவ்வளவு பெரிய அநியாயம்! பூட்டுக்குப் பேர் போன ஊர் என்பதால் திண்டுக்கல்லில் பேச வருகிறவர்கள், பூட்டிய மனம், சாவி என்று உவமை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதுவும் வேண்டாம். நாகல்நகர்ப் பட்டறையில் செய்யும் பூட்டுக்குச் சரியான சாவி ஒன்று உண்டு. குழந்தைக்கு அப்படி ஒரு சாவி கிடையாது. அதைத் தேடி அலைந்து பணத்தையும் நிம்மதியையும் இழந்த குடும்பங்கள் ஏராளம்.

உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தில் 21 லட்சத்து 60 ஆயிரம் பேர். இரண்டையும் தோராயமாகப் பொருத்திப் பார்த்தால் பெரியவர்களும் சிறியவர்களுமாகப் பதினேழாயிரம் பேர் வருகிறார்கள். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, சிறப்புக் கல்வி என்று படித்துத் தேர்ந்தவர்கள் பெருநகரங்களில்தான் திரள்கிறார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒரு தாய் பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப்போனால் ஒருநாள் கூலி போயிற்று. வாரம் ஒருமுறை என்றால் மாதத்துக்கு நாலுநாள் கூலி. மூன்றாவது மாதம் பயிற்சி நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் கல்லூரி மாணவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். மதுரை சாலையில் சின்னாளபட்டியை ஒட்டி காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் பிறந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் கிராமத்திலேயே சில நாள் தங்கிப் பழகுவதைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கும் இடம் அது. நகருக்குள் ஜி.டி.என். கல்லூரி, எம்.வி.முத்தையா அரசு மகளிர் கல்லூரி என்று வரிசையாக உண்டு. ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

நாட்டு நலப்பணித் திட்டமும் இருக்கிறது. 1969-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களோடு தொடங்கியது. அதன் விதிப்படி ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டும். அந்த 120-ல் 20 மணி நேரம் பயிற்சிக்கு, 30 கல்லூரி வளாகத்துக்கு, மீதி 70 மக்களுக்கு. அந்த எழுபதை நாம் பெரும்பாலும் மரம் நடவும் கோயில் குளம் தூர்வாரவும் பேரணி போகவும் செலவழிக்கிறோம். நல்ல காரியங்கள்தான். ஆனால் எழுபதை இரண்டால் வகுத்துப் பாருங்கள். முப்பத்தைந்து சனிக்கிழமை. கல்லூரி நடக்கும் வாரங்களுக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. ஒரு மாணவர், ஒரு குழந்தை, வாரத்துக்கு இரண்டு மணி நேரம், இரண்டு ஆண்டுகள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வேண்டியது இந்தத் தொடர்ச்சி. முப்பது பேர் ஒரேநாளில் பேனரோடு வந்து, பாட்டுப் பாடி, பிஸ்கட் கொடுத்து, குழுப் படம் எடுத்துக்கொண்டு போனால், அன்று இரவு அந்தக் குழந்தை தூங்காது. வந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

நிபுணர் இல்லாதவர்களால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்த ஓர் ஆய்வு 2016-ல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளிவந்தது. மருத்துவரோ சிகிச்சையாளரோ அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஊழியர்கள் ஆறு மாதத்தில் பன்னிரண்டு முறை பெற்றோரைச் சந்தித்தார்கள். பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ‘இந்த இடத்துல அவன் உங்களைத் திரும்பிப் பாத்தான், கவனிச்சீங்களா?’ என்பது போன்ற பேச்சுதான் அதில் முக்கியம். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்துபோகப் பழகினார்கள். பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் மாணவர்களைக் கொண்டே குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி கொடுத்தார். 1987-ல் வெளியான அவருடைய முடிவுகளில் 19 குழந்தைகளில் 9 பேர் பெரிதும் முன்னேறியிருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. பிள்ளையை மற்றவர்களைப்போல மாற்றியே தீருவது என்று கிளம்பினால் கை அங்கேதான் போய் நிற்கும். நம் மாணவர்கள் சிகிச்சை செய்யக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வழி சொல்லட்டும். மாணவர் உடன் இருந்தால் போதும்.

உடன் இருப்பது லேசான வேலையல்ல. பின்னாலிருந்து தொடக் கூடாது. கண்ணைப் பார் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். பதில் பல நேரம் எட்டாவது எண்ணில் வரும், நாம்தான் மூன்றிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். கேட்டதையே திருப்பிச் சொல்கிற குழந்தை கேலி செய்யவில்லை, அதுவும் ஒரு பதில்தான். ஒன்றுமே செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். குழந்தை பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கும்போது நாமும் ஒரு மூடியை எடுத்து அதே வரிசையின் நுனியில் வைக்கலாம். அதை அவன் தள்ளிவிடாத நாள் ஒரு பெரிய நாள்.

அம்மாவுக்கும் இந்த இரண்டு மணி நேரம் தேவை. ‘தம்பி, செத்த பாத்துக்கப்பா’ என்று சொல்லிவிட்டு அவர் தலைக்குக் குளிக்கலாம், ரேஷன் கடைக்குப் போய் வரலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் ‘நிராமயா’ திட்டத்துக்கும் மாணவர் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பித் தரலாம். 2016-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிற 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று என்பதை எத்தனை குடும்பங்களுக்கு யார் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்?

படம் எடுப்பதை மட்டும் அடியோடு தடுக்க வேண்டும். குழந்தையின் முகம் மாணவரின் கைபேசிக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. மாணவரின் முகம்தான் குழந்தையின் வீட்டுச் சுவருக்கு வேண்டும். பல் தேய்ப்பது, சாப்பிடுவது, பள்ளி என்று அன்றாடத்தைப் படங்களாக ஒட்டிவைக்கும் அட்டையில், சனிக்கிழமைக் கட்டத்தில், ‘அண்ணன்’.

இரண்டு ஆண்டு முடிந்து அந்த அண்ணன் போவார். சொல்லாமல் போவதைப்போல் ஒரு கொடுமை இல்லை. கடைசி மாதத்தின் நான்கு சனிக்கிழமையும் அடுத்து வரப்போகும் மாணவியைக் கூடவே கூட்டிவர வேண்டும். முதல் வாரம் அவள் திண்ணையோடு நிற்கலாம், இரண்டாம் வாரம் உள்ளே. ஐந்தாவது சனிக்கிழமை அவள் மட்டும் வருவாள். அதற்கு முன்பே அட்டையில் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் படம் ஒட்டியிருக்க வேண்டும்.