கழித்த கருவியில் கற்கும் பாடம்

அலுவலகம் ஒன்றில் புதுக் கருவிகள் வந்ததும் பழையவை மூலைக்குப் போகின்றன. சில திங்கள் கழித்துப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேர்கின்றன. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஹப், சுவிட்ச், ரூட்டர் முதலிய பெட்டிகளும் இவ்வாறே கழிக்கப்படுகின்றன. அவற்றைச் சிறுவிலைக்கு வாங்கி, வீட்டு மேசைமேல் பரப்பி, ஓய்வு நேரமெல்லாம் கம்பி பூட்டிக்கொண்டிருப்போர் பல நாடுகளிலும் உளர். புதிய பெட்டி எளிதில் கிடைக்கும்போது பழையதோடு மல்லாடுவானேன் என்று அயலார் நகைப்பர். அந்நகைப்புக்கு விடை உண்டு. புதிய கருவி தன் வேலையை மறைவாகச் செய்கிறது. பழைய கருவி அதனை வெளிப்படையாகச் செய்கிறது. கற்பவனுக்கு வேண்டுவது பின்னதே.

கணினிகள் ஒன்றோடொன்று பேசுவது எவ்வாறு? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு நிலையத்தில், 1973-ஆம் ஆண்டில் ராபர்ட் மெட்கால்ஃப் என்பார் ஈதர்நெட் என்னும் முறையை வகுத்தார். டேவிட் பாக்ஸ் என்பார் உடன்நின்று அதனைச் செயற்படுத்தினார். அதற்கு முன்னரே, 1971-இல், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் தீவுகளுக்கிடையே வானொலி வழியாகக் கணினிச் செய்திகளை அனுப்பிக் காட்டியிருந்தனர். அம்முறையின் நிறைகுறைகளை ஆராய்ந்து, கம்பிக்கு ஏற்றவாறு திருத்தியமைத்தார் மெட்கால்ஃப்.

முறை எளியது. கணினிகள் அனைத்தும் ஒரே கம்பியில் கோக்கப்பட்டிருக்கும். பேச விரும்பும் கணினி, கம்பியில் அமைதி நிலவுகின்றதா என்று முதலில் உற்றுக் கேட்கும், அமைதியாயின் பேசும். இரண்டு கணினிகள் ஒருங்கே பேசத் தொடங்கினால் செய்திகள் மோதிச் சிதையும். மோதலை உணர்ந்ததும் இரண்டும் வாய்மூடும். ஒவ்வொன்றும் திருவுளச்சீட்டு எடுப்பதுபோல் ஒரு கால அளவைத் தேர்ந்து, அதுவரை காத்திருந்து மீண்டும் முயலும். மறுபடி மோதினால் காத்திருக்கும் கால எல்லை இருமடங்காகும். பத்து மோதல்களுக்குப் பின் அவ்வெல்லை மேலும் வளராது. 16 முறை முயன்றும் இயலாவிடின் அச்செய்தி கைவிடப்படும். ஆசிரியர் வெளியே சென்றிருக்கும் வகுப்பில் மாணவர் தாமே முறைவைத்துப் பேசுவதை இஃது ஒக்கும்.

இவ்விதியைக் கண்ணால் காணவேண்டின் பழைய கருவியே துணை. 1980-களில் அலுவலகங்களில் ஓடிய மெல்லிய உருண்டைக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அக்கம்பியின் ஒரு நீட்டம் 185 மீட்டருக்கு மேற்படலாகாது. அதில் 30 இணைப்புகளுக்கு மேல் கோத்தலும் ஆகாது. கம்பியின் இரு முனைகளிலும் 50 ஓம் தடை கொண்ட மூடி ஒவ்வொன்று இருத்தல் வேண்டும். வீட்டில் மூன்று பழைய கணினிகளை இவ்வாறு இணைத்துவிட்டு, ஒரு முனை மூடியைக் கழற்றினால், ஒன்றன்று, மூன்று கணினிகளின் பேச்சும் நின்றுபோகும். கம்பி எங்கும் அறவில்லை. பின் ஏன் இவ்வாறு? குளத்துக் கரையில் மோதிய அலை திரும்பி வருவதுபோல், மூடியற்ற முனையில் மோதிய மின்குறி திரும்பி வந்து மற்றக் குறிகளைக் குலைக்கின்றது. அலையை விழுங்குவதே மூடியின் தொழில். மூடியைக் கழற்றிப் பார்த்தவன் அலை எதிரொளிப்பை மறப்பதற்கில்லை.

1990-இல் முறுக்கிய இரட்டைக் கம்பிக்கு உரிய தரம் வகுக்கப்பட்டது. அதன்பின் ஹப் பரவலாயிற்று. ஒரு வாயில் வந்த செய்தியை மற்ற வாய்கள் அனைத்திலும் அப்படியே ஒலிப்பது அப்பெட்டி. அதில் மூன்று கணினிகளைப் பூட்டி, இரண்டைப் பேசவிட்டு, மூன்றாவதில் வயர்ஷார்க் என்னும் செயலியை இயக்கினால், அவ்விரண்டின் பேச்சும் மூன்றாமவனுக்கு வரிவரியாகத் தெரியும். ஹப்பை எடுத்துவிட்டுச் சுவிட்சை வைத்தால், அனைவர்க்கும் பொதுவான அறிவிப்புகள் நீங்கலாகப் பிற பேச்சுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். எந்த வாயில் எந்த முகவரி உளது என்பதைச் சுவிட்ச் தானே கற்று, உரியவர்க்கு மட்டும் செய்தியைக் கொடுப்பதே காரணம். கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம் 1990-இல் இவ்வகைச் சுவிட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இச்சோதனையால் விளையும் பயன் பெரிது. பழைய கருவிகள் பலவற்றை டெல்நெட் என்னும் முறையால் இயக்குவர். அதில் மறைசொல்லும் வெளிப்படையான எழுத்துகளாகவே செல்லும். தான் தட்டிய மறைசொல்லைத் தானே மூன்றாவது கணினியில் படிப்பவன் திடுக்கிடுவான். பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் வலையமைப்பில் மறைசொற்கள் இவ்வாறு களவாடப்பட்டதன் பின்னரே, 1995-இல் டாட்டு யுலோனன் என்பார் செய்தியை மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையைப் படைத்தார். பூட்டு ஏன் வேண்டும் என்பதைத் திறந்த கதவே கற்பிக்கின்றது.

பழைய விதி அடியோடு மறைந்துவிட்டது என்றும் எண்ணற்க. கம்பியில் இன்று ஒவ்வொரு கணினிக்கும் தனிவழி கிடைத்துவிட்டதால் மோதலுக்கு இடமில்லை. ஆயின் வைஃபை வானொலியில் காற்றுவெளி அனைவர்க்கும் பொது. அங்கே இன்றும் கருவிகள் கேட்டபின்பே பேசுகின்றன. மோதலைத் தவிர்க்கச் சிறிது காத்திருக்கின்றன. ஒரு வீட்டில் பலர் ஒருங்கே பயன்படுத்தும்போது வேகம் குறைவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பழைய கருவியைக் கையாள்வோர்க்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, அதனை இணையத்துக்கும் வீட்டுக்கும் இடையே வாயிற்காவலனாக நிறுத்துதல் கூடாது. செய்தவர்கள் பாதுகாப்புத் திருத்தம் வழங்குவதை நிறுத்திவிட்டிருப்பர். தனித்து நிற்கும் சோதனை வலையிலேயே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும். இரண்டாவது, மின்வழங்கிப் பகுதியைத் திறத்தலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதிலுள்ள மின்தேக்கிகளில் உயிர்க்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். மூன்றாவது, முன்னிருந்தவரின் மறைசொல்லும் அமைப்புகளும் பெட்டியினுள் இருத்தல் கூடும். அவற்றைப் படியாது அழித்துவிடுதலே நேர்மை. விற்பவரும் அழித்த பின்னரே விற்றல் தகும். இறுதியில் கருவி முற்றும் பழுதானால், குப்பைத் தொட்டியில் எறியாது மின்னணுக் கழிவு திரட்டும் இடத்தில் சேர்த்தல் வேண்டும்.

இன்று வலையமைப்பைப் பயன்படுத்தாதவர் அரியர். அதன் இயக்கத்தை அறிந்தவரோ அதனினும் அரியர். பச்சை விளக்கு எரிந்தால் மகிழ்வதும், அணைந்தால் பிறரை அழைப்பதுமே பலர் நிலை. கருவியைப் பழுதாக்கிவிடுவோமோ என்னும் அச்சமே கற்கவிடாமல் தடுக்கின்றது. கழிக்கப்பட்ட கருவியிடம் அவ்வச்சத்துக்கு இடமில்லை. கெட்டாலும் இழப்பு சிறிது. பள்ளி அறிவியல் கழகங்களில் ஒரு பழைய ஹப்பும் மூன்று பழைய கணினிகளும் இருந்தால் போதும். மாணவர் ஒரு மாலைப்பொழுதில் மூடியைக் கழற்றியும் கம்பியை மாற்றியும் பார்த்துத் தாமே கேள்வி எழுப்பத் தொடங்குவர். கேள்வி எழுந்தபின் கற்பித்தல் ஆசிரியர்க்கு எளிதாகும்.