தகயாசு தமனி அழற்சி: நீண்டகால விளைவுகளும் தொடர் கண்காணிப்பும் – கம்பம் பள்ளத்தாக்குச் சூழலை முன்வைத்து

திறவுச்சொற்கள்: தமனி அழற்சி, உயர் குருதியழுத்தம், தொடர் கண்காணிப்பு, தேனி மாவட்டம்

முன்னுரை

பெருந்தமனியையும் அதன் முதன்மைக் கிளைகளையும் தாக்கும் நாட்பட்ட அழற்சி தகயாசு நோய் எனப்படும். 1908-இல் சப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகயாசு, விழித்திரைக் குருதிக்குழாய்களில் கண்ட மாற்றங்களை அறிவித்தமையால் இப்பெயர் பெற்றது. இது பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களையே தாக்குகிறது. இந்நோயின் நீண்டகால விளைவுகளையும், அவற்றைக் குறைப்பதில் உள்ளூர்க் கண்காணிப்பின் பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நோயின் போக்கு

தொடக்கத்தில் காய்ச்சல், சோர்வு, எடைக்குறைவு ஆகியன தோன்றலாம். பின்னர்த் தமனிச்சுவர் தடித்து உட்புழை சுருங்குகிறது. மணிக்கட்டு நாடி குன்றுவதால் இது ‘நாடியற்ற நோய்’ என்றும் வழங்கப்படுகிறது. சிறுநீரகத் தமனி சுருங்கும்போது குருதியழுத்தம் உயர்கிறது.

நீண்டகால விளைவுகள்

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 88 நோயாளரை ஆராய்ந்து 1989-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, நோய் தொடங்கிய 5 ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ 91 விழுக்காட்டினரும், 10 ஆண்டுகளுக்குப் பின் 84 விழுக்காட்டினரும் உயிர்வாழ்ந்தனர். கடும் உயர் குருதியழுத்தமும் இதயப் பாதிப்பும் தீய விளைவுகளை முன்னுணர்த்தின. எனினும், கைத்தமனி சுருங்கியவரின் கையில் அளக்கும்போது அழுத்தம் இயல்பானதாகவே தோன்றும். இவ்வாறு மறையும் உயர் அழுத்தமே பக்கவாதத்திற்கும் இதயச் செயலிழப்பிற்கும் இட்டுச்செல்கிறது. எனவே இரு கைகளிலும் கால்களிலும் அழுத்தத்தை அளந்து ஒப்பிடுதல் இன்றியமையாதது.

மருத்துவம்

பிரெட்னிசோலோன் முதன்மை மருந்தாகும். அதன் அளவைக் குறைக்க மெத்தோட்ரெக்சேட், அசாதியோபிரின், மைக்கோஃபீனோலேட் முதலியன சேர்க்கப்படுகின்றன. இவற்றிற்குக் கட்டுப்படாத நிலையில் டோசிலிசுமாப் பயன்படுகிறது. பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. மெத்தோட்ரெக்சேட்டும் மைக்கோஃபீனோலேட்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை; ஆதலின் கருத்தரிப்பை முன்கூட்டியே திட்டமிடல் வேண்டும். மருந்துகள் அழற்சியைத் தணிக்கும். ஏற்கெனவே வடுவாகிச் சுருங்கிய தமனியைப் பெரும்பாலும் மீட்பதில்லை. பலூன் விரிவாக்கமோ மாற்றுவழி அறுவையோ, இயன்றவரை அழற்சி தணிந்தபின் செய்யப்படுவதே நலம். குருதிப் பரிசோதனை இயல்பாக இருந்தும் சுருக்கம் வளரக்கூடும் என்பதால், படிமச் சோதனையும் தேவைப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் பங்கேற்று உருவாக்கிய ‘இட்டாஸ் 2010’ மதிப்பெண் முறை, முந்தைய 3 மாதங்களில் புதிதாகத் தோன்றிய அல்லது மோசமடைந்த அறிகுறிகளைக் கணக்கிடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்குச் சூழல்

கம்பத்திலிருந்து வேலூர் 400 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. நோயறிதலுக்கு ஒருமுறை செல்லலாம். வாழ்நாள் முழுதும் தொடரவேண்டிய கண்காணிப்பிற்கு அத்தொலைவு ஒரு தடையே. நாடியறிதல், நான்கு உறுப்புகளிலும் அழுத்தம் அளத்தல், மருந்துத் தொடர்ச்சியை உறுதிசெய்தல் ஆகியவற்றைக் கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் போன்ற ஊர்களிலேயே செய்ய இயலும். மாற்றம் தென்பட்டால் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கும், அங்கிருந்து மதுரைக்கும் பரிந்துரைக்கலாம்.

முடிவுரை

தகயாசு நோயில் அழற்சி தணிதல் மருத்துவத்தின் முடிவன்று. உயர் மருத்துவமனை தொடங்கிவைக்கும் சிகிச்சையின் நீண்டகாலப் பயன், அண்மையிலுள்ள நலவாழ்வு நிலையத்தில் நடைபெறும் எளிய, இடையறாத அளவீடுகளையும் சார்ந்துள்ளது எனலாம்.