எந்தக் குழாயில் எடுத்த தண்ணீர்?

திருப்பதிக்குக் கல்யாணி அணைத் தண்ணீரும் வருகிறது, கண்டலேறிலிருந்து தெலுங்கு கங்கையும் வருகிறது. பூண்டி ஏரிக்கு வந்து சேருமா என்று சென்னைக்காரர்கள் காத்திருக்கும் அதே கண்டலேறுதான். சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும் வரை தண்ணீருக்குப் பெரும்பாலும் குறையில்லை. கெடுவது வழியில். ஆகவே "சோதித்தாயிற்று, நன்றாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும், எந்தத் தெருக் குழாயில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

நேரம் பார்த்துத் தண்ணீர் விடும் ஊர்களில், வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் இறங்குகிறது. விரிசல் விட்ட இணைப்பு பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுக்கிறது. குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சும் வீடுகள் இதற்கு இன்னும் கைகொடுக்கின்றன. 2018 மார்ச்சில் குண்டூரில் குடிநீரோடு சாக்கடை கலந்து, வயிற்றுப்போக்கில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஆகவே மாதிரி எடுக்க வேண்டியது கடைமடைத் தெருவில், குழாய் கால்வாயைக் கடக்கும் இடத்துக்கு அப்பால், பள்ளத்தில் இறங்கிப் பிடிக்கும் குழாயில், அங்கன்வாடியில். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தால், பத்தாயிரம் பேருக்கு ஒரு மாதிரி வீதமும் கூடுதலாகப் பத்தும் மாதந்தோறும் எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2011 மக்கள்தொகைப்படி திருப்பதிக்குச் சுமார் 40 வரும். அத்தனையும் மேல்நிலைத் தொட்டியடியிலேயே எடுத்தால் என்ன பயன்? மாதிரி எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கணினிவழிக் கணக்கீடுகள் இருக்கின்றன. வால்வு திறக்கும் ஊழியரைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

குளோரினை நீங்களே பார்க்கலாம். சோதனைக் குழாயில் தெருத் தண்ணீரைப் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். அதை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500. மாடித் தொட்டித் தண்ணீரில் பார்த்தால் உங்கள் தொட்டியின் நிலைதான் தெரியும்.

சித்தூரில் ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பும் தெருக்களில் குளோரின் மட்டும் போதாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு கிணற்றின் முடிவு பக்கத்துக் கிணற்றுக்குப் பொருந்தாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் உள்ளாட்சியிடம் மாதிரி எடுத்த இடம், தேதி, முடிவு மூன்றையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தண்ணீரில் குறை இருந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். குடிநீர் வழங்கல் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் நிரந்தர லோக் அதாலத்துக்கும் போகலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று, தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(ஜெ): சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளும் உரிமையும் அதில் அடக்கம்.