படை அதிகாரி மருத்துவத் தேர்வு: தகுதியின்மையும் மேல்முறையீடும்

படை அதிகாரிக்கான ஐந்து நாள் ஆளுமைத் தேர்வில் வெற்றி பெற்ற இளைஞர் ஒருவர், அடுத்த சில நாட்களிலேயே மருத்துவ வாரியத்தால் ‘தகுதியற்றவர்’ எனக் குறிக்கப்படும்போது, அவருடைய குடும்பம் முழுவதும் கலங்கிப் போகிறது. அந்த அறிக்கையைக் கையில் ஏந்தி மருத்துவரை நாடி வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களைக் கேட்கின்றனர். என் பிள்ளைக்கு என்ன நோய்? இதனை எவ்வாறேனும் சரிசெய்ய இயலாதா?

முதல் வினாவுக்கான விடை ஆறுதல் தருவது. தகுதியின்மை என்பது நோயின் பெயர் அன்று. மருத்துவமனை அருகில் இல்லாத பனிமலையிலும் பாலைவனத்திலும் கடலிலும் பல மாதங்கள் பணியாற்ற இந்த உடல் தாங்குமா என்பதே வாரியம் ஆராயும் செய்தி. தட்டைப் பாதம் உடைய ஒருவர் ஆசிரியராகவோ பொறியாளராகவோ எவ்விதத் துன்பமும் இன்றி வாழ்நாள் முழுவதும் பணியாற்றலாம். சுமையுடன் நெடுந்தொலைவு நடக்க வேண்டிய பணியில் அதே பாதம் தடையாகக் கருதப்படலாம்.

முதற்கட்டப் பரிசோதனையைப் படை மருத்துவமனையில் சிறப்பு மருத்துவ வாரியம் நடத்துகிறது. குருதி, சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றுடன் கண், காது, மூக்கு, பல், எலும்பு மூட்டுகள் யாவும் ஆராயப்படுகின்றன. தேர்வர் மருத்துவருக்கு முதுகு காட்டி நிற்க, 610 செ.மீ. தொலைவிலிருந்து அழுத்திச் சொல்லப்படும் கிசுகிசுப்பு ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். பற்களுக்குக் குறைந்தது 14 மதிப்பெண்கள் தேவை.

கண்டறியப்படும் குறைகளை இரு வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். மிகை எடை, காதில் அடைத்த குறும்பி, சொத்தைப் பல், மூக்கின் நடுச்சுவர் வளைவு, வெரிகோசீல் போன்றவை சிகிச்சையால் சீராகக் கூடியவை. நிறக்குருடு, வலிப்பு நோய் போன்றவற்றின் நிலை வேறு. பிறவியிலேயே வரும் நிறக்குருடு பெரும்பாலும் ஆண்களிடம் காணப்படும் மரபுவழிக் குறை. அதனைக் குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டா.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். இணையத்தில் தேடுவோர், மருத்துவக் குறை இருந்தும் ‘விலக்கு’ பெற்றுப் படையில் சேர்ந்தவர்களைப் பற்றிப் படித்து நம்பிக்கை கொள்கின்றனர். அத்தகைய செய்திகளுட் பல அமெரிக்கப் படைகளைப் பற்றியவை. அங்கு 13 வயதுக்குப் பின்னும் ஆஸ்துமா இருந்தமை தகுதியின்மைக்குக் காரணமாகும். ஆயினும் மருத்துவ வரலாற்றை ஆராய்ந்து, குறை இருப்பதை அறிந்தே ஒருவரை ஏற்கும் அதிகாரம் அந்தந்தப் படைப்பிரிவுக்கு உண்டு. இந்தியத் தேர்வர்க்கு உள்ள வழி மேல்முறையீடு. அது குறையைப் பொறுத்து ஏற்பது அன்று. குறை உண்மையில் இருக்கிறதா, இப்பொழுது நீங்கிவிட்டதா என மீண்டும் ஆராய்வதே ஆகும்.

தகுதியற்றவர் எனக் குறிக்கப்பட்டவருக்கு வாரியத் தலைவர் காரணத்தையும் மேல்முறையீட்டு முறையையும் விளக்குவார். பொதுவாக 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தின் முன் பரிசோதனையை முடித்துக்கொள்ள வேண்டும். அங்கும் தகுதியின்மை உறுதியானால் மறுஆய்வு மருத்துவ வாரியத்தைக் கோரலாம். ஆனால் அது உரிமையாகக் கிடைப்பது அன்று, தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே வழங்கப்படுவது.

அந்த 42 நாட்களில்தான் பல குடும்பங்கள் அவசர அறுவை சிகிச்சையை நாடுகின்றன. புண் ஆறுவதற்கு உடல் தனக்குரிய காலத்தை எடுத்துக்கொள்ளும். எனவே விண்ணப்பிக்க எண்ணும்போதே, ஓராண்டுக்கு முன்னதாக, முழுப் பரிசோதனை செய்துகொள்வது நன்று. லேசர் கண் சிகிச்சை இதற்குத் தக்க சான்று. அதனை ஏற்கும் பட்டதாரி நுழைவுகளில்கூட, 20 வயது நிறைந்த பின்னர் சிகிச்சை நடந்திருக்க வேண்டும். 12 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். கருவிழிப் படலத்தின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையாதிருக்க வேண்டும். 18 வயதில் அவசரப்பட்டுச் செய்துகொண்ட சிகிச்சையே பின்னாளில் தடையாகிவிடும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், தாம் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைப் படித்த பின்னரே எச்சிகிச்சையையும் முடிவு செய்க.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தேர்வில் தெரியாதிருக்கட்டும் என்று வலிப்பு மாத்திரையையோ ஆஸ்துமா இன்ஹேலரையோ நிறுத்த ஒருபோதும் இடங்கொடாதீர்கள். மாத்திரையைத் திடீரென நிறுத்துவதால் வரும் வலிப்பு உயிருக்கே தீங்காகலாம். நோயை மறைத்துச் சான்றிதழ் தருமாறு மருத்துவரிடமும் கேளாதீர்கள். மறைத்த நோய் பயிற்சியின்போது வெளிப்பட்டால், துன்புறுபவர் உங்கள் பிள்ளையே. அவரை நம்பியிருக்கும் தோழர்களும் இடர்ப்படுவர்.

தகுதியின்மை முடிவானது என்று தெரிந்த பின்னும் மருத்துவரிடம் ஒருமுறை வாருங்கள். இதயத்தில் முணுமுணுப்பு ஒலி, பிறவியிலேயே ஒரு சிறுநீரகம் மட்டும் இருத்தல் போன்றவை சிலருக்கு இப்பரிசோதனையில்தான் முதன்முதலில் தெரிய வருகின்றன. அந்த அறிக்கையை வெறுப்பில் கிழித்தெறியாமல் உடன் கொண்டு வாருங்கள். வானூர்தி ஓட்டத் தகுதியற்றவர் தரைப்பணிக்குத் தகுதி பெறுவதும் உண்டு. எந்தப் பிரிவுக்கு மீண்டும் முயலலாம், எதற்குத் தொடர் சிகிச்சை தேவை என்பதை அந்த அறிக்கையைக் கொண்டே தெளிவாகச் சொல்ல இயலும்.